அட்டாக் வரும்போது எந்த நொடியில் கார்டைத் திருப்புவது? யூ-கி-ஓ எதிர்த்தாக்குதல் நேர விதிகள்: முழுமையான வழிகாட்டி

யூ-கி-ஓ கார்டு ஆட்டம் ஆடுகிறவர்களுக்குள் நடக்கும் வாக்குவாதத்தைக் கவனித்துப் பாருங்கள். ஒரு கார்டு என்ன செய்யும் என்பதில் பெரும்பாலும் சண்டை வராது, அது கார்டிலேயே அச்சடித்திருக்கிறது. "இப்பப் போடலாமா, கூடாதா?" என்ற இடத்தில்தான் குரல் உயரும். கும்பகோணத்தில் ஞாயிறு சாயங்காலம் நாங்கள் கூடும் மொட்டை மாடியிலும் இதே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. எங்களோடு ஆடும் பிள்ளைகள் பெரும்பாலும் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது போனில். 2022 ஜனவரியில் மாஸ்டர் டூயல் என்ற போன் வடிவம் வந்த பிறகு, கார்டு வாங்கக் காசில்லாத பிள்ளைகூட ஆட்டத்துக்குள் வர முடிந்தது. அதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் போன் ஒரு வேலையை நமக்காகவே செய்துவிடுகிறது. போடக்கூடிய நேரத்தில் மட்டும் கார்டை ஒளிரவிட்டு "போடட்டுமா?" என்று கேட்கிறது, மற்ற நேரத்தில் பேசாமல் இருக்கிறது. ஏன் அப்போது கேட்டது, ஏன் இப்போது கேட்கவில்லை என்று பிள்ளைகள் யோசிப்பதில்லை. மேஜையில் உண்மைக் கார்டோடு உட்கார்ந்தால் எதுவும் ஒளிராது. ஒவ்வொரு நொடியையும் ஆடுகிறவர்களேதான் நினைவில் வைத்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இந்த வழிகாட்டியில் வரும் கார்டுகள் எல்லாம் பழையவை. மன்னார்குடி, திருவாரூர் பக்கமிருந்து லீவுக்கு வரும் பிள்ளைகள் கொண்டுவரும் கட்டுகளில் அண்ணன்மார் கொடுத்துவிட்டுப் போன கார்டுகளும் கலர் ஜெராக்ஸ் எடுத்து ஸ்லீவில் போட்ட கார்டுகளும்தான் அதிகம். கசுகி தகஹாஷியின் மங்கா (ஜப்பானியப் படக்கதை) தொடங்கியது 1996-ல், கொனாமி இந்தக் கார்டு ஆட்டத்தை ஜப்பானில் வெளியிட்டது 1999-ல். அதன் பிறகான முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் கார்டுகளிலேயே நேர விதிகள் முழுவதையும் விளக்கிவிடலாம். புதிய கார்டுகளும் அதே சட்டத்துக்குள்தான் நடக்கின்றன. பதிவு செய்த போட்டிக்குப் போகிறவர்கள் மட்டும் அன்றைய தடைப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஜெராக்ஸ் கார்டு அங்கே செல்லாது.

படி 1: கார்டின் வேகத்தைப் பாருங்கள்

கார்டுகள் மூன்று வகை: சண்டையிடும் மான்ஸ்டர், ஸ்பெல், கவிழ்த்து வைத்துத் திருப்பும் ட்ராப். எந்தக் கார்டையும் திருப்பும் முன் அதன் ஸ்பெல் ஸ்பீடு, அதாவது வேகம், தெரிந்திருக்க வேண்டும். மூன்று வேகங்கள் இருக்கின்றன.

வேகம் 1: சாதாரண ஸ்பெல், எக்விப், கன்டினியூவஸ், ஃபீல்டு, ரிச்சுவல் ஸ்பெல்கள். மான்ஸ்டர்களின் இக்னிஷன் (தன் டர்னில் நாமே தொடங்குவது), ட்ரிக்கர் (ஒரு நிகழ்வால் எழுவது), ஃப்ளிப் (கவிழ்ந்த மான்ஸ்டர் முகம் காட்டுவதால் எழுவது) எஃபெக்ட்களும் இதில் சேரும். இவற்றை இன்னொரு கார்டுக்குப் பதிலடியாகப் போட முடியாது.

வேகம் 2: குவிக்-ப்ளே ஸ்பெல், சாதாரண ட்ராப், கன்டினியூவஸ் ட்ராப், மான்ஸ்டரின் குவிக் எஃபெக்ட். வேகம் 1-க்கும் 2-க்கும் பதிலடியாகப் போடலாம்.

வேகம் 3: கவுன்ட்டர் ட்ராப் மட்டும். எதற்கும் பதிலடியாகப் போடலாம். அதற்குப் பதில் சொல்ல இன்னொரு கவுன்ட்டர் ட்ராப்பால்தான் முடியும்.

ட்ராப்பைக் கவிழ்த்து வைத்த அதே டர்னில் திருப்ப முடியாது. குவிக்-ப்ளே ஸ்பெல்லை உங்கள் டர்னில் கையிலிருந்தே போடலாம், எதிராளியின் டர்னில் வேண்டுமானால் முந்தைய டர்னிலேயே கவிழ்த்து வைத்திருக்க வேண்டும். கையில் புக் ஆஃப் மூன் என்ற குவிக்-ப்ளே ஸ்பெல்லை வைத்துக்கொண்டு எதிராளியின் அட்டாக்கை நிறுத்தப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது செல்லாது.

படி 2: செயின் எப்படிக் கட்டப்படுகிறது, எப்படி அவிழ்கிறது

ஒருவர் ஒரு கார்டை ஆக்டிவேட் செய்தால், அதாவது செயல்பட வைத்தால், அது செயின் 1. உடனே அடுத்தவருக்குப் பதில் சொல்லும் உரிமை. அவர் போட்டால் செயின் 2. அவர் வேண்டாம் என்றால், முதலில் போட்டவரே தன் கார்டின் மேல் இன்னொன்று போடலாம். இருவரும் அடுத்தடுத்து "வேண்டாம்" சொன்ன பிறகுதான் செயின் அவிழத் தொடங்கும், அதுவும் கடைசியிலிருந்து. கொள்முதல் நிலையத்தில் லாரியில் ஏற்றும் நெல் மூட்டை மாதிரி, கடைசியாக ஏறியதுதான் முதலில் இறங்கும்.

ஓர் உதாரணத்தை எண்ணோடு பார்ப்போம். இருவரிடமும் 8000 லைஃப் பாயின்ட் (இது தீர்ந்தால் தோல்வி). எதிராளி ப்ளூ-ஐஸ் ஒயிட் டிராகனால், 3000 அட்டாக், உங்களைத் தாக்குகிறார். நீங்கள் மேஜிக் சிலிண்டரைத் திருப்புகிறீர்கள். தாக்கும் மான்ஸ்டரின் அட்டாக்கை நிறுத்தி, அதன் அட்டாக் அளவுக்கு எதிராளிக்கே டேமேஜ் கொடுக்கும் ட்ராப் இது. செயின் 1. அவர் 1000 பாயின்ட் கட்டிச் செவன் டூல்ஸ் ஆஃப் த பேண்டிட்டைத் திருப்புகிறார். ட்ராப்பை முறியடிக்கும் கவுன்ட்டர் ட்ராப், செயின் 2. இப்போது உங்கள் கையில் எத்தனை குவிக்-ப்ளே இருந்தாலும் பயனில்லை, வேகம் 3 வேண்டும். உங்களிடம் சாலம் ஜட்ஜ்மென்ட் இருக்கிறது. பாதிப் பாயின்டைக் கட்டி அதைத் திருப்புகிறீர்கள், செயின் 3. அவரிடம் வேறு கவுன்ட்டர் ட்ராப் இல்லை.

அவிழ்ப்போம். சாலம் ஜட்ஜ்மென்ட் செவன் டூல்ஸை முறியடிக்கிறது. செயின் 2-ல் நடக்க எதுவும் இல்லை. செயின் 1-ல் மேஜிக் சிலிண்டர் முழுசாக வேலை செய்கிறது. எதிராளிக்கு 8000-ல் கட்டிய 1000 போக 7000, அதில் 3000 போக 4000. உங்களுக்கும் பாதி கட்டியதால் 4000. முறியடிக்கப்பட்டது என்பதற்காகச் செவன் டூல்ஸுக்குக் கட்டிய 1000 திரும்பி வராது. செலவு ஆக்டிவேட் செய்யும்போதே போய்விடும்.

இங்கேயே ஒரு பழைய தவறான நம்பிக்கையையும் களைந்துவிடுவோம். நீங்கள் மிரர் ஃபோர்ஸைத் திருப்புகிறீர்கள். எதிராளி அதன் மேல் மிஸ்டிக்கல் ஸ்பேஸ் டைஃபூனைப் போட்டு "உன் ட்ராப் போச்சு" என்கிறார். ட்ராப் கார்டு போனது நிஜம், அதன் எஃபெக்ட் போகவில்லை. டைஃபூன் ஒரு கார்டை அழிக்கும், அதன் ஆக்டிவேஷனை முறியடிக்காது. அதனால் அவருடைய அட்டாக் நிலை மான்ஸ்டர்கள் எல்லாம் அழியத்தான் செய்யும். முகம் காட்டி மேஜையில் இருந்தால்தான் வேலை செய்யும் கன்டினியூவஸ் ட்ராப்பாக இருந்தால் கதை வேறு, அதை அழித்தால் எஃபெக்டும் போய்விடும். கார்டில் "முறியடி" என்று இருக்கிறதா, "அழி" என்று மட்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

படி 3: பேட்டில் ஃபேஸுக்கு முன்

எதிராளி மெயின் ஃபேஸை (கார்டுகளை இறக்கும் பகுதி) முடித்துப் பேட்டில் ஃபேஸுக்குள் (தாக்கும் பகுதி) நுழையும் முன் உங்களைக் கேட்க வேண்டும். முதலில் ஆடுகிறவருக்கு முதல் டர்னில் பேட்டில் ஃபேஸே கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

த்ரெட்டனிங் ரோர் மாதிரி கார்டுகளுக்கு இந்த இடம் முக்கியம். "இந்த டர்னில் எதிராளி அட்டாக் அறிவிக்க முடியாது" என்பது அதன் வேலை. அட்டாக்கை அறிவித்த பிறகு அதைத் திருப்பினால் அந்த அட்டாக் நிற்காது, அடுத்த அட்டாக்குகள் மட்டும்தான் நிற்கும். மெயின் ஃபேஸிலேயே திருப்பினாலும் நட்டம்: அட்டாக் இல்லை என்று தெரிந்துகொண்டு எதிராளி தன் மான்ஸ்டர்களை எல்லாம் டிஃபென்ஸில் ஒழுங்கு செய்துவிடுவார். பேட்டில் ஃபேஸுக்குள் நுழைந்தவுடன் வரும் ஸ்டார்ட் ஸ்டெப்தான் சரியான இடம். நுழைந்தும் விட்டார், அட்டாக்கும் வரவில்லை.

படி 4: அட்டாக் அறிவிப்பு

"என் ப்ளூ-ஐஸ் உன் செல்டிக் கார்டியனை அட்டாக் பண்ணுது" என்று வாயால் சொன்ன அந்த நொடிதான் அறிவிப்பு. பேட்டில் ஃபேஸில் அதிகமான ட்ராப்கள் காத்திருப்பது இதற்காகத்தான்: மிரர் ஃபோர்ஸ், மேஜிக் சிலிண்டர், சகுரெட்சு ஆர்மர், டிமென்ஷனல் ப்ரிசன், டிரெய்னிங் ஷீல்டு, நெகேட் அட்டாக். எல்லாவற்றிலும் "எதிராளியின் மான்ஸ்டர் அட்டாக் அறிவிக்கும்போது" என்ற நிபந்தனை இருக்கும். இதில் நெகேட் அட்டாக் மட்டும் கவுன்ட்டர் ட்ராப். அட்டாக்கை நிறுத்திப் பேட்டில் ஃபேஸையே முடித்துவிடும், கவுன்ட்டர் ட்ராப் தவிர வேறெதுவும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. தொடக்கக்காரர்களுக்கு மிரர் ஃபோர்ஸைவிட நெகேட் அட்டாக்தான் நல்ல ஆசான் என்பது என் கருத்து. வேகம் என்றால் என்ன என்று ஒரே தடவையில் புரிய வைத்துவிடும்.

அறிவிப்புக்குப் பிறகு யாருக்கு முதல் உரிமை? முதலில் ட்ரிக்கர் எஃபெக்ட்கள். உதாரணமாகப் பேட்டில் ஃபேடர்: நேரடி அட்டாக் அறிவிக்கப்பட்டால் கையிலிருந்து களத்துக்கு வந்து பேட்டில் ஃபேஸை முடித்துவைக்கும். அது வேகம் 1 என்பதால் வேறொன்றின் மேல் ஏறாது. நீங்கள் ஆசைப்பட்டு முதலில் ட்ராப்பைத் திருப்பிவிட்டால், அதன் மேல் ஃபேடரைப் போட முடியாது. ட்ரிக்கர் எதுவும் இல்லையென்றால் வேகம் 2, 3 கார்டுகளைப் போடும் முதல் உரிமை டர்ன் நடத்துகிறவருக்கு, அதாவது அட்டாக் செய்கிறவருக்கு. அவர் வேண்டாம் என்றால் உங்களுக்கு. நீங்களும் வேண்டாம் என்றால் டேமேஜ் ஸ்டெப், அதாவது அந்தச் சண்டையின் கணக்கைத் தீர்க்கும் பகுதி.

இந்த வரிசையில் ஒரு பொறி இருக்கிறது. மாடியில் நடந்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இதைவிடத் தெளிவாக விளக்க எனக்கு வழி தெரியவில்லை. எதிரெதிரே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் பிளஸ் ஒன் படிக்கிற தம்பி, இன்னொருவர் வேலைக்குப் போகும் அண்ணன். தம்பியின் பக்கம் இரண்டு கார்டுகள் கவிழ்ந்திருந்தன. அண்ணன் ப்ளூ-ஐஸால் அட்டாக் அறிவித்தார், அறிவித்த கையோடு டைஃபூனைப் போட்டுத் தம்பியின் இடது பக்கக் கார்டைக் காட்டினார்.

தம்பி சிரித்துவிட்டான், இடது கார்டு வெறும் பம்மாத்து. "அண்ணே, உங்க டைஃபூன் முடியட்டும். அப்புறம் நான் என்னோடதைத் திருப்புறேன்."

"முடிஞ்சா நேரம் போயிடும்டா தம்பி. போடுறதா இருந்தா இப்பவே, இது மேலயே போடு."

"அட்டாக் இன்னும் நடந்துக்கிட்டுத்தானே இருக்கு?"

"அட்டாக் நடக்குது. அறிவிப்பு முடிஞ்சுபோச்சு."

அண்ணன் சொன்னதுதான் விதி. தான் ஜெயிக்கக்கூடிய இடத்தில் எதிராளிக்கு விதியைச் சொல்லிக் கொடுத்தார் பாருங்கள், அந்தப் பண்பு எனக்குப் பிடித்தது. அறிவிப்புக்குப் பதிலடியாக ஒரே ஒரு செயின்தான் கட்ட முடியும். அந்தச் செயினில் மிரர் ஃபோர்ஸ் 1-ஆக வரலாம், 2-ஆக வரலாம், 5-ஆகவும் வரலாம். ஆனால் அந்தச் செயின் அவிழ்ந்து முடிந்த பிறகு "அட்டாக் அறிவிக்கும்போது" என்ற நிபந்தனையுள்ள கார்டு எதையும் அந்த அட்டாக்குக்குத் திருப்ப முடியாது. தம்பி டைஃபூனின் மேலேயே செயின் 2-ஆக மிரர் ஃபோர்ஸைத் திருப்பினான், ப்ளூ-ஐஸ் போனது.

படி 5: அறிவிப்புக்குப் பிறகு, டேமேஜ் ஸ்டெப்புக்கு முன்

அறிவிப்புச் செயின் முடிந்த பிறகும் பேட்டில் ஸ்டெப், அதாவது அட்டாக் அறிவிக்கும் பகுதி, தொடர்கிறது. இங்கே நேர நிபந்தனை இல்லாத வேகம் 2 கார்டுகளைப் போடலாம். புக் ஆஃப் மூன் தாக்கும் மான்ஸ்டரைக் கவிழ்த்துவிடும், எனிமி கன்ட்ரோலர் அதை டிஃபென்ஸுக்கு மாற்றும். இரண்டிலும் அட்டாக் நின்றுபோகும். வபோகுவும் இங்கே செல்லும்: அந்த டர்னில் உங்கள் மான்ஸ்டர்கள் சண்டையில் அழியாது, உங்களுக்குப் பேட்டில் டேமேஜும் இல்லை. இந்த மூன்றையும் அறிவிப்பு நொடியிலும் போடலாம் என்பதால்தான் அனுபவமுள்ளவர்கள் மேஜிக் சிலிண்டரைவிட இவற்றை விரும்புகிறார்கள். ஒரு நொடிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த இடைவெளியில் ரீப்ளே என்று ஒன்று உண்டு. அட்டாக் அறிவித்த பிறகு, டேமேஜ் ஸ்டெப்புக்கு முன், தாக்கப்படுகிறவரின் களத்தில் மான்ஸ்டர்களின் எண்ணிக்கை மாறினால், தாக்குகிறவர் மறுபடி யோசிக்கலாம். வேறு மான்ஸ்டரைக் குறிவைக்கலாம், களம் காலியாகிவிட்டால் நேரடியாகத் தாக்கலாம், அட்டாக்கைக் கைவிடவும் செய்யலாம். கைவிட்டால் அந்த மான்ஸ்டர் அந்த டர்னுக்கான அட்டாக் அறிவிப்பைச் செய்துவிட்டதாகவே கணக்கு. ஸ்கேப்கோட்டைத் திருப்பி நான்கு ஆட்டு டோக்கன்களை (கார்டு இல்லாமலே மான்ஸ்டராக நிற்கும் அடையாளங்கள்) இறக்கினால் ரீப்ளே வரும். ஆனால் ரீப்ளேயில் புதுக் குறியைத் தேர்ந்தெடுப்பது புதிய அட்டாக் அறிவிப்பு ஆகாது. முதலில் தவறவிட்ட மிரர் ஃபோர்ஸை அப்போது திருப்பப் பார்க்காதீர்கள். எண்ணிக்கை மாறாமல் நிலை மட்டும் மாறினால் ரீப்ளே இல்லை.

படி 6: டேமேஜ் ஸ்டெப்

அதிகமான தகராறு இங்கேதான். டேமேஜ் ஸ்டெப்புக்குள் நுழைந்துவிட்டால் பெரும்பாலான கார்டுகள் செயலற்றுப் போகும். புக் ஆஃப் மூன், எனிமி கன்ட்ரோலர், டைஃபூன், வபோகு எல்லாமே இங்கே செல்லாது. செல்லக்கூடியவை: அட்டாக் அல்லது டிஃபென்ஸ் எண்ணை நேரடியாக மாற்றும் கார்டுகள், கவுன்ட்டர் ட்ராப்கள், ஒரு ஆக்டிவேஷனை முறியடிக்கும் எஃபெக்ட்கள், கட்டாயமாக நடந்தே தீர வேண்டிய எஃபெக்ட்கள், தன் நேரத்தை டேமேஜ் ஸ்டெப்புக்குள்ளேயே குறித்து வைத்திருக்கும் கார்டுகள்.

உள்ளே ஐந்து கட்டங்கள்.

1. தொடக்கம். எண்ணை மாற்றும் கார்டுகளை இங்கே போடலாம்.

2. கணக்குக்கு முன். கவிழ்ந்திருந்த மான்ஸ்டர் தாக்கப்பட்டால் இங்கேதான் முகம் காட்டும். எண்ணை மாற்றும் சாதாரணக் கார்டுகளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

3. டேமேஜ் கணக்கு. இந்த நேரத்தைத் தன் எழுத்தில் குறிப்பிட்டிருக்கும் கார்டுகள் மட்டும். குரிபோவைக் கையிலிருந்து தள்ளிவிட்டு அந்தச் சண்டையின் டேமேஜை இல்லாமல் செய்வது இங்கே. இந்தக் கட்டத்தில் ஒரே ஒரு செயின்தான் கட்டலாம்.

4. கணக்குக்குப் பிறகு. ஃப்ளிப் எஃபெக்ட்கள் இங்கே எழும், டேமேஜ் வாங்கியதால் எழும் எஃபெக்ட்களும் இங்கேதான்.

5. முடிவு. சண்டையில் தோற்ற மான்ஸ்டர் கல்லறைக்கு (பயன்பட்ட, அழிந்த கார்டுகள் சேரும் குவியல்) போவது இந்தக் கட்டத்தில். "சண்டையில் அழிந்து கல்லறைக்குப் போனால்" என்று தொடங்கும் மிஸ்டிக் டொமேட்டோ, ஷைனிங் ஏஞ்சல் போன்றவை இங்கே எழும்.

மேன்-ஈட்டர் பக் என்ற பூச்சி மான்ஸ்டரை வைத்து இரண்டாம் கட்டத்துக்கும் நான்காம் கட்டத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 600 டிஃபென்ஸோடு கவிழ்ந்து கிடக்கிறது. 2500 அட்டாக் உள்ள சம்மன்டு ஸ்கல் அதைத் தாக்குகிறது. கட்டம் 2-ல் முகம் காட்டும், ஆனால் எஃபெக்ட் உடனே நடக்காது. கட்டம் 3-ல் கணக்கு முடியும், பூச்சி தோற்றது உறுதி. கட்டம் 4-ல், கல்லறைக்குப் போகும் முன், அதன் ஃப்ளிப் எஃபெக்ட் சம்மன்டு ஸ்கல்லைக் குறிவைத்து அழிக்கும். பூச்சி கல்லறைக்குப் போவது அதற்குப் பிறகு, கட்டம் 5-ல். இரண்டும் போகும், முதலில் போவது தாக்கியவன்.

டேமேஜ் ஸ்டெப்பின் உண்மையான பலம் ஹானஸ்ட் என்ற கார்டில் தெரியும். உங்கள் ஒளி (லைட்) வகை மான்ஸ்டர் சண்டையிடும்போது கையிலிருந்து ஹானஸ்டைக் கல்லறைக்கு அனுப்பினால், எதிரில் இருக்கும் மான்ஸ்டரின் அட்டாக் அளவு உங்கள் மான்ஸ்டருக்குக் கூடும், அந்த டர்ன் முடியும்வரை. கட்டம் 1-லோ 2-லோ போட வேண்டும், கணக்குத் தொடங்கிவிட்டால் முடியாது. எதிராளியின் கண்ணுக்குத் தெரியும் கவிழ்ந்த கார்டு எதுவும் தேவையில்லை என்பதும், அவர் பதில் சொல்லக்கூடிய கார்டுகள் அந்த நேரத்தில் மிகச் சிலவே என்பதும் சேர்ந்துதான் இதை இவ்வளவு பயங்கரமாக்குகின்றன.

நான்காம் கட்டத்துக்கு என் விருப்பமான எதிர்த்தாக்குதல் கோர்ஸ் (Gorz) என்ற மான்ஸ்டர். களத்தில் உங்களுக்கு ஒரு கார்டுகூட இல்லாதபோது எதிராளியின் கார்டால் டேமேஜ் வாங்கினால், கையிலிருந்து 2700 அட்டாக்கோடு களமிறங்கும். அது பேட்டில் டேமேஜாக இருந்தால், வாங்கிய அளவே அட்டாக்கும் டிஃபென்ஸும் உள்ள ஒரு டோக்கனையும் கூட்டிவரும். ப்ளூ-ஐஸின் 3000-ஐ நேரடியாக வாங்கிக்கொண்டு 5000-க்கு இறங்கினீர்கள் என்றால், எதிரில் 2700-ம் 3000-மாக இருவர் நிற்பார்கள். இதற்காகக் கடைசிக் கவிழ்ந்த கார்டைக்கூட முன்கூட்டியே செலவழித்துக் களத்தைக் காலி செய்துகொள்ளும் ஆட்டக்காரர்கள் உண்டு.

ஒவ்வொரு அட்டாக்குக்கும் இந்த முழுச் சுற்றும் புதிதாக நடக்கும். இரண்டாவது மான்ஸ்டர் அறிவிக்கும்போது மிரர் ஃபோர்ஸுக்கு மறுபடி நேரம் வரும்.

படி 7: நேரம் தவறிப்போவது

ட்ரிக்கர் எஃபெக்ட் உள்ள சில கார்டுகளில் "இது நடக்கும்போது நீங்கள் செய்யலாம்" என்று இருக்கும். "நடக்கும்போது", "செய்யலாம்" இரண்டும் சேர்ந்து வந்தால் எச்சரிக்கை. அந்த நிகழ்வு கடைசியாக நடந்ததாக இருந்தால்தான் எஃபெக்ட் எழும். "இது நடந்தால் நீங்கள் செய்யலாம்" என்று இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. கட்டாய எஃபெக்டுக்கும் இல்லை.

பீட்டன் த டார்க் க்ளவுன் கல்லறைக்குப் போகும்போது தன்னை விலக்கிவைத்து இன்னொரு பீட்டனைக் கொண்டுவரலாம். பீட்டன் எதிராளியின் களத்தில் அட்டாக் நிலையில் நிற்கிறது என்று வையுங்கள். அவர் வேறு மான்ஸ்டரால் அட்டாக் அறிவித்து, செயின் 1-ஆக டைஃபூனை உங்கள் இன்னொரு கவிழ்ந்த கார்டின் மேல் போடுகிறார். நீங்கள் செயின் 2-ஆக மிரர் ஃபோர்ஸ். மிரர் ஃபோர்ஸ் முதலில் அவிழ்ந்து பீட்டனை அழிக்கும். அதன் பிறகு டைஃபூன் அவிழ்ந்து உங்கள் கார்டை அழிக்கும். கடைசியாக நடந்தது டைஃபூன், பீட்டன் கல்லறைக்குப் போனது அல்ல. ஆகவே இன்னொரு பீட்டன் வராது. இதே மிரர் ஃபோர்ஸை நீங்கள் செயின் 1-ஆகப் போட்டு, வேறெதுவும் சேராமல் இருந்திருந்தால் பீட்டன் எழுந்திருக்கும்.

படி 8: மேஜையில் சொல்லும் முறை

எங்கள் மாடியில் நாங்கள் கட்டாயமாக்கி வைத்திருப்பது மூன்று கேள்விகள். அட்டாக் செய்கிறவர் கேட்க வேண்டும், எதிராளியின் வாயிலிருந்து பதில் வராமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

"பேட்டில் ஃபேஸ் போகட்டுமா?"

"இது இதை அட்டாக் பண்ணுது. பதில் இருக்கா?"

"டேமேஜ் ஸ்டெப் போகலாமா?"

மூன்றாவது கேள்விதான் உயிர். அதற்கு "போகலாம்" என்று சொன்ன பிறகு புக் ஆஃப் மூனைத் தூக்கினால் அது செல்லாது, யாரும் வாதாட இடமில்லை. கேட்காமலே லைஃப் பாயின்டைக் கழிக்கத் தொடங்கியவர், எதிராளி கார்டைத் திருப்பினால் ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். இது எங்கள் மாடி ஏற்பாடு, ஆனால் எந்த ஊர்க் கூட்டத்துக்கும் பொருந்தும் என்று உறுதியாகச் சொல்வேன். வேகமாக ஆடுகிறவர்கள் ஆரம்பத்தில் முனகுவார்கள். விடாமல் கேளுங்கள்.

போனில் ஆடும்போது மாஸ்டர் டூயலில் ஆட்டோ, ஆன், ஆஃப் என்று மூன்று நிலைகள் உள்ள பொத்தான் இருக்கும். ஆட்டோவில் அதுவே தேர்ந்தெடுத்த சில இடங்களில் மட்டும் கேட்கும். ஆனில் போட முடிகிற ஒவ்வொரு இடத்திலும் கேட்கும். ஆஃபில் கேட்கவே கேட்காது. கற்றுக்கொள்ளும் காலத்தில் எதிராளியின் பேட்டில் ஃபேஸ் தொடங்கியதும் ஆனுக்கு மாற்றிவிடுங்கள். எந்த நொடியில் எந்தக் கார்டு ஒளிர்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தால், மேலே சொன்ன கட்டங்கள் கண்ணுக்கு முன்னால் நடக்கும். இன்னொரு போன் வடிவமான டூயல் லிங்க்ஸின் ஸ்பீடு டூயலில் தொடக்கமே 4000 பாயின்ட்தான், மெயின் ஃபேஸ் 2 கிடையாது. அங்கே ஓர் அட்டாக்கைத் தவறவிடுவதன் விலை அதிகம்.

பயிற்சி

உங்கள் களத்தில் ஷைனிங் ஏஞ்சல், 1400 அட்டாக், 800 டிஃபென்ஸ், ஒளி மான்ஸ்டர், அட்டாக் நிலையில். கவிழ்ந்திருப்பவை சகுரெட்சு ஆர்மரும் (தாக்கும் மான்ஸ்டரை அழிக்கும் ட்ராப்) எனிமி கன்ட்ரோலரும். கையில் ஹானஸ்ட். எதிராளியிடம் 8000 பாயின்ட், டார்க் மெஜிஷியன் 2500, சம்மன்டு ஸ்கல் 2500, ஒரு கவிழ்ந்த கார்டு. டார்க் மெஜிஷியன் ஏஞ்சலைத் தாக்குவதாக அறிவிக்கிறார். உடனே எதையும் போடாமல் "பதில் இருக்கா?" என்கிறார்.

என் விடை: இல்லை என்று சொல்லி டேமேஜ் ஸ்டெப்புக்குள் போக விடுங்கள். அங்கே ஹானஸ்ட். ஏஞ்சல் 1400-ம் 2500-ம் சேர்ந்து 3900. டார்க் மெஜிஷியன் அழியும், எதிராளிக்கு 1400 போய் 6600. அவருடைய கவிழ்ந்த கார்டு புக் ஆஃப் மூனாகவோ டைஃபூனாகவோ இருந்தால் அந்த நேரத்தில் திருப்ப முடியாது. செவன் டூல்ஸாக இருந்தாலும் அது ட்ராப்பைத்தான் தடுக்கும், ஹானஸ்டைத் தொடாது. அந்த டர்ன் முடியும்வரை ஏஞ்சல் 3900-ஆகவே நிற்கும், சம்மன்டு ஸ்கல் கிட்டே வராது. இரண்டு கவிழ்ந்த கார்டுகளும் செலவாகவில்லை.

இப்போது ஒன்றை மாற்றுங்கள். அறிவித்த கையோடு அவர் தன் கவிழ்ந்த கார்டைத் திருப்புகிறார்: புக் ஆஃப் மூன், உங்கள் ஏஞ்சலின் மேல். அது அவிழ்ந்தால் ஏஞ்சல் கவிழ்ந்து டிஃபென்ஸுக்குப் போகும். எண்ணிக்கை மாறவில்லை, ஆகவே ரீப்ளே இல்லை, அட்டாக் தொடரும். 800 டிஃபென்ஸுக்கு ஹானஸ்ட் உதவாது, அது அட்டாக்கைத்தான் கூட்டும். சகுரெட்சு ஆர்மருக்கு இதுதான் கடைசி நேரம், புக் ஆஃப் மூன் அவிழ்ந்துவிட்டால் அறிவிப்பு நேரம் போய்விடும். செயின் 2-ஆக ஆர்மரைத் திருப்பி டார்க் மெஜிஷியனை அழித்துவிடுங்கள். அடுத்து சம்மன்டு ஸ்கல் கவிழ்ந்த ஏஞ்சலைத் தாக்க வந்தால் எனிமி கன்ட்ரோலர் இருக்கிறது, அவர் "டேமேஜ் ஸ்டெப் போகலாமா?" என்று கேட்பதற்குள் போட்டுவிடுங்கள்.